புகைப்படம் இருக்கும்போது கட்டடத்தை ஏன் வரைய வேண்டும்? இல்லாத கட்டடத்தை ஏன் வரைய வேண்டும்?

கைப்பேசியில் நொடியில் படம் பிடித்துவிடலாம் என்ற காலத்திலும் ஓவியர்கள் ஏன் கட்டடங்களை வரைந்துகொண்டிருக்கிறார்கள் என்றும், எங்குமே இல்லாத கட்டடங்களை வரைவதால் எதைத் தெரிந்துகொள்ள முடியும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் கட்டடப் பொறியாளன் அல்லன். காரைக்குடிப் பக்கத்தில் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்பிப்பவன். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் செட்டிநாட்டு வீடுகளை வரைந்து வருகிறேன். அந்தப் பழக்கத்தில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

எங்கள் பூர்வீக வீடு, இங்குள்ள பெரிய வீடுகள் பலவற்றைப் போலவே, ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிந்தது. திண்ணை, முகப்பு, நிலைவாசல், வளவு எனப்படும் உள்கூடம், அதன் நடுவே வானம் பார்த்த முற்றம், பிறகு இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, கடைசியில் பின்வாசல் என எல்லாம் ஒரே நேர்கோட்டில் அமைந்திருந்தன. எல்லாக் கதவுகளும் திறந்திருக்கும் நாளில் முகப்பில் நின்றால், பின்தெருவின் வெயில் தீப்பெட்டி அளவுக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து பார்த்த காட்சிதான். ஆனால் கரித்துண்டை எடுத்துக்கொண்டு அதை வரைய உட்கார்ந்த அன்றுதான், அந்த வீடு இருட்டும் வெளிச்சமும் மாறி மாறி வரும்படி கட்டப்பட்டிருக்கிறது என்பது எனக்கு உறைத்தது. முகப்பில் மங்கிய நிழல், நிலைவாசலில் அதைவிட ஆழ்ந்த இருட்டு, முற்றத்தில் கண் கூசும் ஒளி, மறுபடியும் இருட்டு, மறுபடியும் ஒளி. கரியில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும், வெளிச்சத்தை வரைய முடியாது; தாளின் வெண்மையைத் தொடாமல் விட்டுவைக்கத்தான் முடியும். எனவே, முதல் கோடு போடும் முன்பே முற்றங்கள் எங்கே வரும் என்று முடிவுசெய்து, அந்த இடங்களைக் காப்பாற்றியாக வேண்டியிருந்தது. நூறு ஆண்டுகளுக்கு முன் கொத்தனாரும் இதையேதான் செய்திருக்கிறார்: எதைக் கட்டாமல் விடுவது என்பதை முதலில் முடிவுசெய்திருக்கிறார். இதே காட்சியைக் கைப்பேசியில் எடுத்தால், ஒன்று முற்றம் வெளுத்துப்போகும் அல்லது வளவு கறுத்துப்போகும். கண் அப்படிப் பார்ப்பதில்லை. இருட்டில் சற்றுப் பொறுத்திருந்து பழகிக்கொள்கிறது. வரைகிற கையும் அந்தப் பொறுமையோடுதான் நகர்கிறது.

தூரம் போகப் போகக் கோடுகள் ஒரு புள்ளியில் குவியும் பெர்ஸ்பெக்டிவ் முறைக்கு இந்த வாசல் வரிசையைவிடப் பொருத்தமான காட்சி கிடைப்பது அரிது. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி, அந்நகரத்தின் திருமுழுக்கு ஆலயத்தை ஒரு பலகையில் தீட்டி, அதில் சிறு துளையிட்டு, பலகையின் பின்புறமிருந்து துளை வழியே கண்ணாடியில் ஓவியத்தின் பிரதிபலிப்பைப் பார்க்கச் செய்தார். கட்டடக் கலை அறிஞர் அல்பெர்ட்டி 1435இல் அம்முறைக்கு எழுத்தில் இலக்கணம் வகுத்தார். அந்தத் துளையில் ஒரு விஷயம் அடங்கியிருக்கிறது: பார்ப்பவருக்கு ஒரு கண், நிற்பதற்கு ஓர் இடம். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அந்த இடம் முகப்பு. அது ஆண்கள் கணக்கு வழக்குப் பார்த்த இடம், விருந்தாளி வந்து அமர்ந்த இடம். நான் எத்தனை நுணுக்கமாக வரைந்தாலும் அந்த ஓவியம் வெளியிலிருந்து வந்த ஓர் ஆணின் பார்வையாகவே இருந்தது. இதை நானாகக் கண்டுகொள்ளவில்லை, அப்பத்தா காட்டிக்கொடுத்தார்.

பங்கு பிரிந்தபோது மூன்றாம் கட்டு இடிக்கப்பட்டது. தூண்களும் நிலைகளும் விலைக்குப் போயின. அந்தப் பகுதிக்குப் புகைப்படமே இல்லை, ஏனென்றால் எங்கள் வீட்டுக் கல்யாணப் படங்கள் எல்லாம் முகப்பிலும் வளவிலும் எடுக்கப்பட்டவை. சமையல் நடந்த கட்டுக்குள் யாரும் கேமராவைக் கொண்டுபோகவில்லை. அந்தக் கட்டை அப்பத்தாவிடம் கேட்டுக் கேட்டு வரைந்துவிடலாம் என்று நினைத்தேன். பழக்கப்படி வெளிச்சுவரின் நீள அகலத்தை முதலில் போட்டு, ஒரு பெரிய செவ்வகத்தை அவர் முன் வைத்தேன். அவருக்கு அது எதுவாகவும் தெரியவில்லை.

"சுவத்தை மொதல்ல போட்டுட்டா வீட்டை எங்கப்பா அடைப்ப? முத்தத்தைப் போடு. மத்ததெல்லாம் அதைச் சுத்தி வந்து உக்காந்துக்கிரும்" என்றார்.

பிறகு செம்புத் தண்ணீரில் விரலை நனைத்து, ஆத்தங்குடிக் கல் பாவிய தரையிலேயே வரையத் தொடங்கினார். முதலில் முற்றம், சதுரமாக, மேலிருந்து பார்ப்பது போல. அதன் நான்கு பக்கமும் தூண்கள். ஆனால் அவை புள்ளிகளாக இல்லை, முற்றத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கிடந்தன. தூண்களுக்கு அப்பால் கதவுகள், அவையும் படுத்த நிலையில். கிணறு வட்டமாக வந்தது, உரல் பக்கவாட்டில் வந்தது. நடுவீட்டுக் கோலம் போட்டுப் பழகிய விரல் எங்கும் தயங்கவில்லை. வெயில் நேரம், ஒரு மூலையை அவர் முடிப்பதற்குள் மறு மூலை காய்ந்துகொண்டிருந்தது, நான் அவசர அவசரமாகத் தாளில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

அன்று முதலில் எனக்குத் தோன்றியது, இது பிழையான வரைபடம் என்பதுதான். அந்த எண்ணத்துக்காக இன்றும் வருந்துகிறேன். நம் நாட்டின் பழைய ஓவியங்களில் குளம் மேலிருந்து பார்த்தபடி சதுரமாக இருக்கும். அதில் நீந்தும் மீனும் கரையில் நிற்கும் மரமும் பக்கவாட்டில் தெரியும். இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்தின் 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களின் முன் நின்று பார்த்தவர்களுக்கும் இந்த வகைப் பார்வை பழக்கமானதே. அங்கே நாம் ஓர் இடத்தில் நின்று பார்ப்பதில்லை, ஓவியத்துக்குள் நடக்கிறோம். அப்பத்தா வரைந்ததும் அப்படித்தான்: முற்றத்தின் நடுவில் நின்று நான்கு திசையிலும் திரும்பியவர் கண்ட வீடு. நடுவில் நின்று சுற்றிலும் திரும்பினால் வீடு எப்படி இருக்கும் என்ற கேள்வியைப் பெர்ஸ்பெக்டிவ் முறை கேட்பதே இல்லை. ஒரு கட்டடத்தை எந்த முறையில் வரைகிறோமோ, அந்த முறை கேட்கும் கேள்விக்கு மட்டுமே கட்டடம் விடை சொல்கிறது.

இனி, ஒருபோதும் கட்டப்படாத இடங்கள். இங்கே நான் முதலில் சொல்ல விரும்பும் பெயர் பிரனேசி. 1720இல் பிறந்து, கட்டடக் கலை பயின்ற இத்தாலியர். ஆனால் அவர் கட்டிய கட்டடம் என்று இன்று காட்டக்கூடியது, 1760களில் உரோமில் அவர் புதுப்பித்த ஒரு தேவாலயம் மட்டுமே. உரோமின் இடிபாடுகளை அவர் அளந்து அளந்து செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்டார். அதே கைதான், 1750ஐ ஒட்டி, கற்பனைச் சிறைச்சாலைகளை 14 தகடுகளில் செதுக்கியது. 1761இல் அவற்றை மீண்டும் எடுத்து, இருளைக் கூட்டி, படிக்கட்டுகளையும் பாலங்களையும் சேர்த்து, 16 தகடுகளாக வெளியிட்டார். அந்தப் படங்களில் எனக்குத் திகைப்பூட்டுவது அவற்றின் பயங்கரம் அன்று. வெளிச்சுவர் எங்கும் அகப்படாமல் இருப்பதுதான். ஒரு வளைவுக்கு அப்பால் இன்னொரு வளைவு, அதற்கு மேல் ஒரு படிக்கட்டு, அது எங்கே சேர்கிறது என்று தேடினால் மறுபடியும் ஒரு வளைவு. உண்மையான இடிபாடுகளைக் கல் கல்லாக வரைந்து பழகியவரால்தான் இல்லாத இடத்துக்கு இவ்வளவு பாரம் தர முடியும் என்று நினைக்கிறேன்.

பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பூலே 1784இல் நியூட்டனுக்காக வரைந்த நினைவிடம் இன்னொரு வகை. ஏறத்தாழ 150 மீட்டர் உயரமுள்ள ஒரு கோளம். அதன் ஓட்டில் உள்ள துளைகள் வழியே பகலில் ஒளி நுழைந்து, உள்ளே விண்மீன்கள் நிறைந்த இரவு தோன்றும். கட்டப்படவில்லை என்பதால் அது பொய்யாகிவிடவில்லை. நிலைவாசல் இருட்டைக் கடந்து முற்றத்து வானத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்த வரைபடத்தின் உள்ளே நிற்பது எப்படி இருக்கும் என்று தெரிகிறது. கட்டடக் கலைஞர் சாஹா ஹதீத் 1983இல் ஹாங்காங் மலையுச்சியில் எழவேண்டிய ஒரு கட்டடத்துக்கான வடிவமைப்புப் போட்டியில் வென்றபோது காட்டியவை பெரும்பாலும் சிதறிப் பறக்கும் வண்ண ஓவியங்கள். அந்தக் கட்டடம் கட்டப்படவே இல்லை. பத்தாண்டுகள் கழித்து, 1993இல், ஜெர்மனியில் அவருடைய தீயணைப்பு நிலையம் எழுந்தபோது, அந்த ஓவியங்களின் சாய்கோடுகள் கான்கிரீட்டில் நின்றன.

எங்கள் மூன்றாம் கட்டின் வரைபடம் இப்போது ஓரளவு முடிந்திருக்கிறது. நடுவில் முற்றத்தை வைத்துத்தான் தொடங்கினேன். நினைவு உறுதியாக இருந்த இடங்களில் முழுக்கோடு, மற்ற இடங்களில் புள்ளிக்கோடு. தென்கிழக்கு மூலையில் இருந்த சாமான் அறைக்கு ஒரே கதவு என்றார் அப்பத்தா. அவர் காலமான பிறகு கேட்டபோது, இரண்டு கதவுகள், இரண்டாவது கதவு கிணற்றடிக்குத் திறக்கும், அதன் வழியாகத்தான் சிறுவயதில் வெல்லம் திருடினோம் என்றார் பெரியப்பா. அந்த இரண்டாவது கதவைப் புள்ளிக்கோட்டில் வரைந்து, பாதி திறந்தபடி விட்டிருக்கிறேன்.