இங்கிலாந்து போன்ற பணக்கார நாட்டில் வீடற்றவர்கள் ஏன் பெருகுகிறார்கள்? உழைத்தால் வீடு கிடைக்காதா?

கேள்வியின் இரண்டாவது பகுதிதான் என்னை எழுத வைத்தது. கேட்டவர் லண்டனுக்கு வந்து சில மாதங்களே ஆனவராகவும், ரயில் நிலைய வாசலில் போர்வைக்குள் சுருண்டு கிடப்பவர்களைப் பார்த்து மனம் நொந்தவராகவும் இருக்க வேண்டும் என்று எண்ணுகிறேன். அவர் பார்த்தது உண்மை. ஆனால் அது மிகச் சிறிய பகுதி. 2024 இலையுதிர் காலத்தில் ஓர் இரவை வைத்து எடுத்த அரசாங்கக் கணக்கின்படி, இங்கிலாந்தில் தெருவில் உறங்கியவர்கள் 4,667 பேர். 2025 மார்ச் இறுதியில் கவுன்சில்கள், அதாவது உள்ளூராட்சி மன்றங்கள், தற்காலிக இடங்களில் தங்கவைத்திருந்த குடித்தனங்களோ 131,140. அவற்றில் வளரும் பிள்ளைகள் 169,050. சட்டத்தின் கண்ணில் இவர்களும் வீடற்றவர்களே. அந்தக் கணக்கில் என் வீட்டு நால்வரும் அடக்கம்.

நான் பேரங்காடி ஒன்றின் களஞ்சியத்தில் இரவு வேலை செய்கிறேன். மனைவி முதியோர் இல்லத்தில் பகுதிநேரம். கிழக்கு லண்டனில் இரண்டு படுக்கையறை மாடிவீடு ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் இருந்தோம். வாடகை ஒரு மாதமும் தவறியதில்லை. 2022 இன் கடைசியில், வீட்டுக்காரர், அவரும் நம்மவர்தான், வந்து தேநீர் குடித்துவிட்டு, "தம்பி, வங்கி வட்டி என்னை விழுத்திப்போடும், நீங்கள் வீட்டை விடவேணும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. 2021 டிசம்பரில் 0.1 விழுக்காடாக இருந்த, நாட்டின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கியின் வட்டி வீதம், 2023 ஓகஸ்டில் 5.25 வரை போனது. ஆனால் அவர் காரணம் சொல்லியதே மரியாதைக்காகத்தான். 1988 வீடமைப்புச் சட்டத்தின் 21 ஆம் பிரிவு, எந்தக் காரணமும் காட்டாமல் இரண்டு மாத அறிவித்தலில் குடியிருப்பவரை எழுப்ப இடமளித்தது. 2025 இல் நிறைவேறிய வாடகையாளர் உரிமைச் சட்டம் அந்தப் பிரிவை நீக்குகிறது. எங்களுக்கு அது காலம் கடந்த மழை.

வேறு வீடு தேடவில்லையா என்று கேட்பீர்கள். தேடினோம். நாங்கள் 1,250 பவுண் கட்டிய இடத்தில் அதேபோன்ற வீட்டுக்கு 1,800 கேட்டார்கள். குறைந்த வருமானக்காரருக்கு அரசு தரும் வாடகை உதவி, முன்னர் அப்பகுதி வாடகைகளின் நடுமட்டத்தை ஒட்டி இருந்தது. 2011 இல் அதை பத்தில் மலிவான மூன்று வீடுகளுக்கே போதும் என்ற அளவுக்கு இறக்கினார்கள். 2016 முதல் நான்கு ஆண்டுகள் உறையவைத்து, 2020 இல் ஒருமுறை உயர்த்தி, மறுபடியும் 2024 ஏப்ரல் வரை உறையவைத்தார்கள். வாடகை ஏறிக்கொண்டே இருக்க உதவி மட்டும் அசையாமல் நின்றால், இடையில் விழும் பள்ளத்தில் வேலைக்குப் போகிறவனும்தான் விழுவான்.

கவுன்சில் அலுவலகத்துக்குப் போனபோது, "அறிவித்தல் முடிந்தாலும் வெளியேறாதீர்கள், வீட்டைக் காலி செய்விக்கும் நீதிமன்ற அலுவலரான பெயிலிஃப் வரும்வரை இருங்கள், இல்லையேல் வேண்டுமென்றே வீடற்றவர் ஆனதாகக் கருதப்படுவீர்கள்" என்றார்கள். அப்படிச் சொல்லி அனுப்பக்கூடாது என்பதே அரசாங்க வழிகாட்டி நூலின் கருத்து என்பதைப் பின்னரே அறிந்தேன். அந்தக் காத்திருப்பில் நீதிமன்றச் செலவும் எங்கள் தலையில் விழுந்தது. 2023 வசந்தத்தில் பூட்டு மாற்றப்பட்ட அன்று மாலை, நால்வருக்கும் சேர்த்து ஒரு ஹோட்டல் அறை தந்தார்கள். பிள்ளைகள் உள்ள குடும்பத்தை ஆறு வாரங்களுக்கு மேல் அப்படி வைத்திருக்க முடியாது என்று சட்டம் சொல்கிறது. நாங்கள் பதினொரு வாரங்கள் இருந்தோம். சமையலுக்கு அனுமதியில்லை. ரைஸ் குக்கரை அலுமாரிக்குள் உடுப்புக்கு அடியில் ஒளித்து வைத்து, யன்னலைத் திறந்துவிட்டுச் சோறு ஆக்கினோம். பத்து வயது மகள் காவல் நிற்பாள். அதே நாள்களில் கோயிலில் ஒருவர், "அரசாங்கச் செலவில் ஹோட்டல் வாழ்க்கை" என்று சிரித்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

குடியேறிகளால்தான் வீட்டுப் பஞ்சம் என்பாரும் உண்டு. மக்கள்தொகை கூடியதால் தேவை கூடியதை நான் மறுக்கவில்லை. ஆனால் விசாவில் வருகிறவர்களில் பெரும்பாலானோருக்குப் பொது நிதியை, அதாவது அரசின் நலவுதவிகளை, தொடக்கூடாது என்ற நிபந்தனை உண்டு. கவுன்சில் குறைந்த வாடகைக்குத் தரும் வீடுகளுக்கான காத்திருப்புப் பட்டியலில் அவர்கள் பெயரே ஏறாது. பட்டியல் ஏன் நகரவில்லை என்பதற்கு நான் இருந்த மாடிவீடே சாட்சி. அது கவுன்சில் கட்டிய வீடு. பிரதமர் மார்கரெட் தாட்சரின் அரசு 1980 இல் கொண்டுவந்த சட்டம், கவுன்சில் வீட்டில் குடியிருப்பவர் அதைக் கழிவு விலையில் வாங்க உரிமை கொடுத்தது. இங்கிலாந்தில் ஏறக்குறைய இருபது இலட்சம் வீடுகள் இப்படிக் கைமாறின. அந்த எண்ணிக்கைக்கு ஈடாகப் புதிய வீடுகள் கட்டப்படவில்லை. வாங்கியவர்களைக் குறைகூற மாட்டேன், எனக்குக் கிடைத்திருந்தால் நானும் வாங்கியிருப்பேன். எங்கள் வீடு முதல் உரிமையாளரிடமிருந்து இரண்டு கை மாறி, வாடகைச் சந்தைக்கு வந்து, என் வாடகையின் ஒரு பகுதியாக அரசுப் பணத்தையும் உண்டது. கட்டிய கவுன்சிலோ, எங்களைத் தங்கவைக்க ஹோட்டலுக்கு இரவுக் கணக்கில் பணம் செலுத்தியது. வீட்டுக்காரர் அதை விற்கவில்லை. இப்போது ஒரு முகவர் வழியாக, வேறொரு கவுன்சில் அனுப்பிய வீடற்ற குடும்பம் ஒன்று அங்கே இருப்பதாகப் பழைய அயலவர் சொன்னார்.

நாங்கள் இன்று லண்டனுக்கு வெளியே, மற்றுமொரு தற்காலிக இடத்தில் இருக்கிறோம். இரவு வேலை முடிந்து வீடு வர ஒன்றரை மணி நேரம் ஆகிறது. கேட்டவரும் வாடகைக்கு இருப்பவரானால் ஒன்று மட்டும்: வீட்டை விட்டு எழும்பென்று கடிதம் வந்த அன்றே கவுன்சிலுக்குப் போங்கள். 2018 முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தின்படி, வீடு பறிபோக 56 நாள்கள் இருக்கும்போதே உதவுவது அவர்கள் கடமை. அவர்கள் வாயால் சொல்வதை எழுத்தில் கேளுங்கள். நான் கேட்கவில்லை.