பெயரும் முகவரியும் விற்பனைக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கூகுளில் தற்செயலாக என் பெயரைத் தேடியபோது, இதுவரை கேள்விப்பட்டிராத தளம் ஒன்றில் என் வயது, வீட்டு முகவரி, பழைய முகவரிகள், கைப்பேசி எண் ஆகியவை இருப்பதைப் பார்த்தேன். ‘உறவினர்கள்’ என்ற தலைப்பின் கீழ் என் கணவரின் பெயரோடு, திருமணத்திற்கு முன் என்னுடன் அறையில் தங்கியிருந்த தோழியின் பெயரும் இருக்கிறது. இவற்றை நீக்க முடியுமா?
– வாசகி ஒருவர், ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா

பதில்: பெருமளவு நீக்க முடியும். ஆனால் ஒருமுறை நீக்கிவிட்டு மறந்துவிடக்கூடிய வேலையாக இது இராது. காரணம், அந்தத் தளத்தில் இருப்பவை பெரும்பாலும் திருடப்பட்டவை அல்ல. சட்டப்படி எவரும் பார்க்கக்கூடிய பதிவேடுகளிலிருந்து திரட்டப்பட்டவை. வீடு வாங்கும்போது கவுன்ட்டி (மாவட்ட) அலுவலகத்தில் பதிவாகும் பத்திரம், நீதிமன்ற ஆவணங்கள், சில மாநிலங்களில் எவரும் விலை கொடுத்து வாங்கக்கூடிய வாக்காளர் பட்டியல், தள்ளுபடிக்காகக் கடையில் சொல்லும் கைப்பேசி எண் ஆகியவற்றைத் துண்டு துண்டாகச் சேர்த்து, ஒரே ஆளின் பெயரில் தொகுத்து விற்பதுதான் தகவல் தரகர்களின் தொழில். நீங்கள் வீடு மாறும்போது அஞ்சல் துறையிடம் கொடுக்கும் முகவரி மாற்ற விவரம்கூட, உங்கள் பழைய முகவரியை ஏற்கெனவே வைத்திருக்கும் உரிமம் பெற்ற நிறுவனங்களுக்குப் போய்ச் சேருகிறது. ஒரே முகவரியில் ஒரே காலத்தில் வசித்தவர்களைக் கணினி உறவினர்கள் என்று முடிவு கட்டிவிடுவதால்தான் உங்கள் தோழியும் உங்கள் குடும்பத்தில் சேர்ந்துவிட்டார்.

நீங்கள் கலிஃபோர்னியாவில் வசிப்பது இந்த விஷயத்தில் ஒரு வசதி. அந்த மாநிலம் 2023-இல் இயற்றிய நீக்கல் சட்டத்தின்படி, மாநிலத் தனியுரிமைப் பாதுகாப்பு முகமை ‘டிராப்’ என்ற தளத்தை 2026 ஜனவரியில் பொதுமக்களுக்குத் திறந்தது. மாநிலத்தில் வசிப்பவர்தானா என்பதைச் சரிபார்த்த பிறகு, பெயர், பிறந்த தேதி, அஞ்சல் குறியீடு, மின்னஞ்சல், கைப்பேசி எண் ஆகியவற்றை ஒரே ஒரு முறை கொடுத்தால் போதும்; அந்த விண்ணப்பம் முகமையிடம் பதிவு செய்துள்ள தரகர்கள் அனைவருக்கும் பொருந்தும். 2026 ஆகஸ்ட் 1 முதல் தரகர்கள் 45 நாட்களுக்கு ஒருமுறையாவது அந்தப் பட்டியலை எடுத்துப் பார்த்து, பொருந்தும் பதிவுகளை அழித்தாக வேண்டும். தவறினால் ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு நாளைக்கு 200 டாலர் அபராதம் என்று சட்டம் சொல்கிறது. கட்டணம் கிடையாது. ஆகவே முதல் வேலையாக இதைச் செய்துவிடுங்கள்.

இங்கே தமிழ்ப் பெயர் உள்ளவர்கள் கூடுதல் கவனம் எடுத்துக்கொள்ள வேண்டும். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரைச் சர்நேமாக எழுதியவர், திருமணத்துக்குப் பின் கணவர் பெயரை எழுதியவர், பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்ததால் விசாவில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யு’ (‘முதற்பெயர் தெரியவில்லை’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற மூன்று எழுத்துகளோடு வந்து இறங்கியவர் எனப் பல வகையினர் உண்டு. வங்கிக் கணக்கு ஒரு பெயரிலும், வாடகை ஒப்பந்தம் இன்னொரு பெயரிலும், வீட்டுப் பத்திரம் மூன்றாவது பெயரிலும் இருக்கும்போது, தரகரின் கணினி உங்களை மூன்று பேராகப் பதிந்து வைத்திருக்கும். ஒரு பதிவை நீக்கினால் மற்ற இரண்டும் அப்படியே நிற்கும். எனவே தேடும்போதும் விண்ணப்பிக்கும்போதும் நீங்கள் பயன்படுத்திய எல்லாப் பெயர் வடிவங்களையும், எழுத்து மாறிய வடிவங்கள் உட்பட, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

டிராப் வேலை செய்யும்வரை காத்திருக்க விரும்பாவிட்டால், கண்ணில் பட்ட தளங்களில் நீங்களே நேரடியாகவும் விண்ணப்பிக்கலாம். வழி ஏறக்குறைய எல்லாத் தளங்களிலும் ஒன்றுதான். உங்கள் பெயருக்கான பக்கத்தைத் திறந்து அதன் இணைய முகவரியைப் பிரதி எடுங்கள். தளத்தின் அடிப்பகுதியில், ‘என் தகவலை விற்காதீர்’ என்ற பொருள்படும் சிறிய இணைப்பு ஒன்று மங்கலான எழுத்தில் இருக்கும். அதைத் திறந்து, பிரதி எடுத்த முகவரியை ஒட்டி, மின்னஞ்சலில் வரும் உறுதிப்படுத்தும் இணைப்பை அழுத்த வேண்டும். ஸ்போக்கியோ என்ற ஆள் தேடும் தளத்தில் இவ்வளவுதான் வேலை. இன்டெலியஸ், ட்ரூத்ஃபைண்டர், இன்ஸ்டன்ட் செக்மேட் ஆகிய மூன்று தளங்களும் ஒரே நிறுவனத்துக்குச் சொந்தமானவை. அதன் தடுப்பு மையத்தில் கொடுக்கும் ஒரே விண்ணப்பம் மூன்றுக்கும் செல்லும் என்பதால், இத்தகைய கூட்டுத் தளங்களிலிருந்து தொடங்குவது நல்லது. விண்ணப்பப் பக்கம் கூகுளில் அகப்படவில்லை என்றால் உங்கள் தேடலில் குறை என்று எண்ண வேண்டாம்: கால்மேட்டர்ஸ், தி மார்க்கப் என்ற இரு செய்தி நிறுவனங்கள் 2025-இல் ஆராய்ந்தபோது, கலிஃபோர்னியாவில் பதிவு செய்திருந்த 35 தரகர்கள் அந்தப் பக்கம் தேடலில் வராதபடி நிரல் எழுதி மறைத்து வைத்திருந்தது தெரிய வந்தது. சட்டம் வைக்கச் சொன்ன கதவை வைத்துவிட்டு, அதன் முன்னால் பீரோவை நகர்த்தி வைத்த கதை இது.

இந்த விண்ணப்பங்களுக்கென்று தனி மின்னஞ்சல் ஒன்றைத் தொடங்கிக்கொள்ளுங்கள். தளத்தில் ஏற்கெனவே இல்லாத எந்தத் தகவலையும் புதிதாகக் கொடுக்காதீர்கள். ஓட்டுநர் உரிமத்தின் படம் கேட்டால், உரிம எண்ணையும் புகைப்படத்தையும் மறைத்த பிறகே அனுப்புங்கள். சோஷியல் செக்யூரிட்டி எண்ணைக் கேட்கும் தளத்தை விட்டு அந்தக் கணமே வெளியேறிவிடுங்கள்.

கூகுளின் ‘உங்களைப் பற்றிய முடிவுகள்’ என்ற வசதி தேடல் முடிவிலிருந்து மட்டுமே நீக்குகிறது. மூலத் தளத்தில் பதிவு அப்படியே இருக்கும். இருந்தாலும், போகிற போக்கில் தேடுகிறவர்களின் கண்ணில் படாமலிருக்க அதுவும் உதவும். கவுன்ட்டி அலுவலகத்து வீட்டுப் பத்திரத்தை எந்த விண்ணப்பத்தாலும் அழிக்க முடியாது. புதிய பதிவுகள் மறுபடியும் முளைப்பது பெரும்பாலும் அந்த வேரிலிருந்துதான் என்பதால், சில மாதங்களுக்கு ஒருமுறை உங்கள் பெயரைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கும். இவ்வளவு சுமையையும் தகவலை விற்றவர் மீது வைக்காமல் விற்கப்பட்டவர் தலையில் வைத்திருப்பது நியாயமே இல்லை. ஆனாலும் இப்போதைக்கு நடைமுறை இதுதான்.

கேள்வி: எங்கள் மாநிலத்தில் டிராப் போன்ற வசதி இல்லை. ஆண்டுக் கட்டணம் வாங்கிக்கொண்டு எல்லாத் தளங்களிலிருந்தும் நீக்கித் தருவதாக விளம்பரம் செய்யும் நிறுவனங்களை நம்பலாமா?
– வாசகர் ஒருவர், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: சிலவற்றை ஓரளவு நம்பலாம், விலையை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். நுகர்வோர் அமைப்பான கன்சூமர் ரிப்போர்ட்ஸ் 2024-இல் இத்தகைய ஏழு சேவைகளை 32 தன்னார்வலர்களின் உதவியுடன், ஆள் தேடும் 13 தளங்களில் சோதித்தது. தாங்களே கைப்பட விண்ணப்பித்தவர்களின் பதிவுகளில் 70 சதவீதம் நீங்கின. சேவைகளில் ஆப்டெரி 68 சதவீதமும், ஈஸிஆப்ட்அவுட்ஸ் 65 சதவீதமும் நீக்கின. மற்றவை பின்தங்கின. இவ்விரண்டில் முதலாவதற்கு அப்போது ஆண்டுக்கு 249 டாலர், இரண்டாவதற்கு 20 டாலருக்கும் குறைவு. விலைக்கும் பலனுக்கும் உள்ள தொடர்பு எவ்வளவு என்பதை இதிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

நிறுவனத்தின் பின்னணியையும் விசாரியுங்கள். ஒன்ரெப் என்ற நீக்கல் சேவையின் நிறுவனரே ஆள் தேடும் தளங்கள் பலவற்றைத் தொடங்கியவர் என்பதைப் பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸ் 2024 மார்ச்சில் வெளிப்படுத்தினார். அத்தகைய தளம் ஒன்றில் தமக்கு இன்னும் பங்கு இருப்பதை அந்த நிறுவனரும் ஒப்புக்கொண்டார். ஒரு கையால் விற்றதை மறு கையால் நீக்கிக் கொடுக்கவும் காசு வாங்கும் வியாபாரத்தை என்னவென்பது!

உங்கள் மாநிலத்திலும் சட்டம் இல்லாமல் இல்லை. 2025 ஜனவரி 15 முதல் நடைமுறையில் உள்ள நியூ ஜெர்சி தரவுத் தனியுரிமைச் சட்டத்தின்படி, அதன் வரம்புக்குள் வரும் நிறுவனங்களிடம் உங்கள் தகவலை அழிக்கக் கோரலாம். அவை 45 நாட்களுக்குள் பதிலளிக்க வேண்டும். அங்கு ‘டேனியல் சட்டம்’ என்று ஒன்றும் உண்டு. ஃபெடரல் நீதிபதி எஸ்தர் சாலஸின் விவரங்களைத் திரட்டி வைத்திருந்த ஒருவர் 2020 ஜூலையில் அவருடைய வீட்டு வாசலுக்கே வந்து, மகன் டேனியல் ஆண்டர்லைச் சுட்டுக் கொன்றதைத் தொடர்ந்து இயற்றப்பட்ட சட்டம் அது. நீதிபதிகள், அரசு வழக்கறிஞர்கள், காவல்துறையினர் ஆகியோரும் அவர்களின் குடும்பத்தினரும் தங்கள் வீட்டு முகவரியை நீக்கக் கோரினால், 10 வேலை நாட்களுக்குள் நீக்கியாக வேண்டும். சாதாரண குடிமக்களுக்கு அந்த வேகம் வாய்க்கவில்லை.

பணம் கொடுப்பதற்கு முன், கட்டணமில்லாத இரண்டு வேலைகளைச் செய்துவிடுங்கள். கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று நிறுவனங்களிலும், வேறு எவரும் உங்கள் பெயரில் புதிய கடன் வாங்குவதைத் தடுக்க, உங்கள் கடன் அறிக்கையை முடக்கி வைக்கலாம். 2018 செப்டம்பர் முதல் இதற்குக் கட்டணம் வாங்கக்கூடாது. ‘முன்கூட்டியே அங்கீகரிக்கப்பட்டது’ என்று தபாலில் வந்து குவியும் கிரெடிட் கார்டு கடிதங்களை ஆப்ட்அவுட்பிரீஸ்கிரீன் தளத்தில் 5 ஆண்டுகளுக்கு நிறுத்தலாம். நிரந்தரமாக நிறுத்துவதற்குக் கையெழுத்திட்ட படிவத்தை அஞ்சலில் அனுப்ப வேண்டும்.

கேள்வி: இந்தியாவில் இப்படி நீக்கக் கோரும் உரிமை உண்டா? நான் யாருக்கும் எண் கொடுக்காமலே கடன் வேண்டுமா என்று அழைக்கிறார்கள்.
– வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: உரிமை ஏட்டில் வந்துவிட்டது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒரு நிறுவனத்துக்கு நீங்கள் ஒப்புதலுடன் கொடுத்த தகவலை அழிக்கக் கோரும் உரிமையைத் தருகிறது. ஆனால் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வரும். சட்டப்படி வெளியிடப்பட்ட தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அதுவரை செய்யக்கூடியவை சில உண்டு. ட்ரூகாலரில் உங்கள் பெயரும் எண்ணும் தெரிவதை நிறுத்த வேண்டுமானால், அதில் கணக்கு இருந்தால் முதலில் அதை முடக்கிவிட்டு, அதன் தளத்தில் உள்ள நீக்கல் பக்கத்தில் +91 சேர்த்து எண்ணைக் கொடுக்க வேண்டும். செயலியை மட்டும் அழிப்பதால் பயனில்லை. கடன் அழைப்புகளுக்கு 1909 என்ற எண்ணிலோ தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் டிஎன்டி (‘தொந்தரவு செய்யாதீர்’) செயலியிலோ உங்கள் விருப்பத்தைப் பதிவு செய்யுங்கள். அதற்குப் பிறகும் விளம்பர அழைப்பு வந்தால், அழைத்த எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டு 7 நாட்களுக்குள் அதே வழியில் புகார் கொடுக்கலாம்.