அம்புக் காயமும் அடகு நகையும்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தின் ஐந்தாம் ஹென்றிக்கு 16 வயதில் முகத்தில் 6 அங்குல ஆழத்துக்கு அம்பு தைத்ததாகப் படித்தேன். அதை எப்படி எடுத்தார்கள்? அந்தக் காயம் தந்த துணிச்சல்தானே பின்னாளில், 1415இல், பிரான்சில் நடந்த அஜின்கோர் போரில் அவரை ஜெயிக்க வைத்தது?

ஒரு வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

1403 ஜூலை 21, அவருடைய தந்தை நான்காம் ஹென்றி கலகக்காரர்களோடு மோதிய ஷ்ரூஸ்பரி போர். அம்பு மூக்கை ஒட்டி நுழைந்து மண்டையோட்டின் பின்னெலும்பில் தைத்தது. இழுத்தபோது தண்டு மட்டும் வந்தது. இரும்பு முனை உள்ளேயே தங்கிவிட்டது. வைத்தியர் ஜான் பிராட்மோர் அவசரப்படவில்லை. எல்டர் மரத்தண்டின் உட்சோறு நம் நெட்டி மாதிரி இருக்கும். அதைக் காயவைத்து, துணி சுற்றித் தைத்து, ரோஜாத் தேனில் தோய்த்துச் செருகினார். ஒன்றைவிட ஒன்று பருமனாகச் செருகச் செருக வழி அகன்றது. பிறகு தாமே வடிவமைத்த ஒல்லியான இடுக்கியை உள்ளே விட்டார். அது, தண்டு செருகியிருந்த முனையின் குழலுக்குள் போனதும் நடுத்திருகை முறுக்க, கரங்கள் விரிந்து உட்புறமாகக் கவ்வின. முன்னும் பின்னும் மெல்ல அசைத்தே முனையை வெளியே கொண்டுவந்தார். வெள்ளை ஒயினால் கழுவி, தேன், பார்லி மாவு, டர்பன்டைன் சேர்ந்த மருந்தில் தோய்த்த திரியை வைத்தார். இரண்டு நாளைக்கு ஒருமுறை திரியைக் குட்டையாக்கினார். புண்வாய் முந்தி மூடினால் உள்ளே சீழ் கட்டும்; அடியிலிருந்து ஆறி வரவேண்டும். 20 நாளில் புண் சுத்தமானது.

துணிச்சலைப் பற்றி நீங்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அம்பு தைத்த பிறகும் களத்தைவிட்டுப் போக மறுத்த பையனுக்குத் துணிச்சலைக் காயம் வந்து கொடுக்க வேண்டியதில்லை. அவருக்கு உண்மையான பள்ளிக்கூடம் வேல்ஸ். வேல்ஸ் தலைவர் ஓவைன் க்ளின்டூரின் கலகத்தை அடக்க அனுப்பப்பட்டவர், படைக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லாமல் தம் நகைகளை அடகு வைத்ததாக 1403இல் எழுதிய கடிதம் இருக்கிறது. 1415இல் பிரான்சுக்குக் கிளம்பும்போது வில்லாளிக்கு நாளொன்றுக்கு 6 பென்ஸ், கவச வீரருக்கு 12 பென்ஸ் என்று எழுத்தில் ஒப்பந்தம் போட்டார். முதல் காலாண்டுச் சம்பளம் முன்பணம், இரண்டாவதற்கு அரச நகைகள் ஈடு. சம்பளம் நின்றால் படை கலையும் என்பதைச் சின்ன வயதிலேயே கண்டவர் அவர்.

1407இல் வேல்ஸில் ஓவைன் ஆட்கள் வசமிருந்த அபரிஸ்டுவித் கோட்டை சரணடைய ஒப்புக்கொண்டது. ஹென்றி பல வாரம் தவணை கொடுத்துவிட்டுத் திரும்பினார். இடையில் ஓவைன் வந்து ஒப்பந்தத்தை முறித்துவிட்டார். கோட்டை மறுவருஷம்தான் விழுந்தது. 1415இல் பிரான்சின் ஹார்ஃப்ளூர் நகரம் பணிந்தபோது அவர் கொடுத்த தவணை 4 நாள். படை இடத்தைவிட்டு அசையவில்லை. பழைய ஏமாற்றத்தின் பாடம் இது என்றே எனக்குப் படுகிறது.

ஷ்ரூஸ்பரியில் அவர் அம்பு மழையை வாங்கும் பக்கத்தில் நின்றவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் தரப்பு ஸ்டாஃபோர்ட் பிரபுவின் முன்னணிப் படை அதில்தான் சிதறியது. அஜின்கோருக்குப் போகும் வழியிலேயே, குதிரைப்படை வில்லாளிகளை மிதிக்கப் பார்க்கிறது என்று தெரிந்ததும், ஆளுக்கு ஒரு 6 அடி மரமுளையை இரு முனையும் சீவி வைத்துக்கொள்ளச் சொன்னார். போர் நாளில் பிரெஞ்சுக்காரர்கள் நெடுநேரம் அசையவில்லை. நட்ட முளைகளைப் பிடுங்கி, அம்பு எட்டும் தூரத்துக்கு முன்னேறி, மறுபடி நடவைத்தார். அந்நேரம் எதிரி பாய்ந்திருந்தால் கதை முடிந்திருக்கும். நடுவில் கிடந்தது புதிதாய் உழுது விதைத்து, இராமழையில் ஊறிய நிலம். ஐப்பசி மழைக்குப் பிறகு கோவில்பட்டிக் கரிசலில் நடந்தவர்களுக்கு, இரும்புக் கவசத்தோடு அதில் வந்தவர்கள் பட்ட பாடு தெரியும்.