வெள்ளம் ஏறும் நிலத்தில் வீடு கட்ட, தரைமட்ட விதியில் மஜ்லிஸ் (உள்ளாட்சி மன்றம்) தளர்வு தருமா?

கேள்வி: மலேசியா, ஜொகூரில் லாபிஸ் பக்கம், தோட்டத்தை விட்டு வெளியேறி ஆற்றோரமாக ஒரு மனை வாங்கியிருக்கிறோம். வீட்டுத் தரையை இப்போதுள்ள நிலத்தைவிட 1.2 மீட்டர் உயர்த்தச் சொல்கிறார்கள். மண் கொட்டக் காசு இல்லை. அக்கம்பக்கத்து வீடுகளும் தாழ்வாகத்தான் இருக்கின்றன. தளர்வு கேட்டால் கிடைக்குமா?

பதில்:

காசில்லை என்று எழுதினால் கிடைக்காது. மட்டத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்டாலும் பெரும்பாலும் கிடைக்காது. 2006-07, 2011, 2023 என்று லாபிஸ் அடங்கிய செகாமட் வட்டாரம் தொடர்ந்து பெருவெள்ளம் பார்த்த பிறகு, மட்டத்தைக் குறைத்துக் கையெழுத்துப் போட எந்த அதிகாரியும் யோசிப்பார். மட்டம் அப்படியே இருக்கட்டும், அதை எட்டும் வழியை மாற்றக் கேளுங்கள். மண்மேட்டுக்குப் பதில் தூண்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 சதுர மீட்டர் மனையை 1.2 மீட்டர் உயர்த்த, இறுக்கிய மண் 600 கன மீட்டர் வேண்டும். கொட்டும்போது மண் தளர்வாக இருக்கும், கால் பங்கு கூடுதலாக வைத்தால் 750. பத்து டயர் லோரிக்கு 10 கன மீட்டர் என்று வைத்தாலும் 75 நடை. தடுப்புச் சுவர் செலவு தனி. இதில் அதிகாரியைக் கவலைப்பட வைப்பது உங்கள் செலவு இல்லை. வெள்ளம் வந்தால் உங்கள் மனையில் நின்றிருக்கும் அந்த 600 கன மீட்டர் தண்ணீர் வேறெங்கோ போக வேண்டும், தாழ்வாக இருக்கும் பக்கத்து வீட்டுக்குத்தான் போகும். தூண்மேல் வீடு இருந்தால் தண்ணீர் அடியில் வந்து அடியிலேயே வடியும். பழைய மர லயன்களையும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) கம்போங் (கிராம) வீடுகளையும் ஏன் காலில் நிறுத்தினார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆற்றங்கரை வண்டல் மண்ணில் இன்னொரு சிக்கலும் உண்டு. மேலே கொட்டிய மண்ணின் பாரத்தில் அடிமண் வருடக்கணக்கில் அமுங்கும். ஒரு பக்கம் அதிகம் அமுங்கினால் சுவர் வெடிக்கும், கழிவுக் குழாயின் சரிவு தலைகீழாகும். 30 செ.மீ. அடுக்கடுக்காக இறுக்காமல் ஒரே மூச்சில் கொட்டித் தள்ளினால் கொட்டிய மண்ணே அமுங்கும். அதனால் தூண் வீட்டைக் குறுக்குவழி என்று நினைக்காதீர்கள். இந்த நிலத்துக்கு அதுதான் பொருத்தமான கட்டுமானம் என்று எழுதிக்கொடுக்க எஞ்சினியருக்குக் காரணம் இருக்கிறது.

விண்ணப்பத்துக்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள், இவை சரியில்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண். ஒன்று, கெரானில் (நில உரிமைப் பத்திரத்தில்) நிலத்தின் வகை என்ன என்பது. ‘பெர்த்தானியான்’ (விவசாயம்) என்றிருந்தால் வீட்டு நிலமாக மாற்றுவது பற்றி முதலில் நில அலுவலகத்தில் பேசுங்கள். இரண்டு, ஆற்று ரிசாப், அதாவது ஆற்றோரம் கட்டாமல் ஒதுக்கிவிட வேண்டிய நிலம். ஜேபிஎஸ் (வடிகால், நீர்ப்பாசனத் துறை) வழிகாட்டுதல்படி ஆறு 40 மீட்டருக்கு மேல் அகலமானால் ஒவ்வொரு கரையிலும் 50 மீட்டர் விட வேண்டும். 20 முதல் 40 என்றால் 40 மீட்டர், 10 முதல் 20 என்றால் 20, 5 முதல் 10 என்றால் 10, அதற்கும் குறைந்த ஓடைக்கு 5. அரசிதழில் ரிசாப் என்று அறிவிக்கப்பட்ட இடம் மாநில அரசுடையது. அங்கே தளர்வு என்ற பேச்சே கிடையாது, தேசிய நிலச் சட்டத்தின் 425-ஆம் பிரிவின்படி அது குற்றம்.

பிறகு மட்டம். மாவட்ட ஜேபிஎஸ்ஸிடம் உங்கள் லாட் இருக்கும் இடத்தின் வெள்ள மட்டத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டது கோப்பில் நிற்காது. சர்வேயரிடம் மனையின் நான்கு மூலை, நடு, முன்னால் உள்ள ரோடு, லோங்காங்கின் (வடிகாலின்) அடி ஆகியவற்றின் மட்டத்தை எடுக்கச் சொல்லுங்கள். ஜேபிஎஸ் தரும் எண்ணும் சர்வேயர் எடுக்கும் எண்ணும் ஒரே அடிப்படையில், அதாவது கிள்ளான் துறைமுகச் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து, இருக்கின்றனவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிலர் ரோட்டோர மேன்ஹோல் மூடியை 10.00 என்று வைத்துக்கொண்டு அளப்பார்கள். அந்த எண்ணை ஜேபிஎஸ் எண்ணோடு ஒப்பிட்டால் எல்லாம் குழம்பும். சில சமயம் சரியாக அளந்ததும் 1.2 மீட்டர் என்பது 0.8 ஆகக் குறைந்து, தளர்வே தேவையில்லாமல் போகும்.

ஜேபிஎஸ் தரும் மட்டம் ‘100 ஆண்டு வெள்ளம்’ என்று குறித்திருந்தால், நூறு வருடத்துக்கு ஒருமுறை என்று நிம்மதியடைய வேண்டாம். எந்த ஒரு வருடத்திலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதே அதன் பொருள். 30 வருட வீட்டுக்கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது வரும் வாய்ப்பு ஏறக்குறைய 26 விழுக்காடு, அதாவது நாலில் ஒன்று.

தளர்வுக் கடிதத்தை எப்படி எழுதுவது? இங்கே தளர்வைக் ‘கெலோங்காரான்’ என்று கேட்பார்கள். மஜ்லிஸ், ஜேபிஎஸ்ஸின் கருத்தை வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு மனைக்கும் தனியாக முடிவு செய்யும். அமெரிக்காவில் இதற்கென்றே மத்திய அரசு விதி இருக்கிறது, கடிதத்துக்கு அதன் சட்டகத்தைக் கடன் வாங்கலாம். அங்கே கேட்பவை: தகுந்த காரணம் உண்டா, மறுத்தால் வரும் கஷ்டம் அசாதாரணமானதா, வெள்ள மட்டம் உயராமல் இருக்குமா, பொதுமக்கள் பாதுகாப்புக்கும் அரசுச் செலவுக்கும் பாதகமில்லையா, கேட்டது தேவைக்கு மிகாத மிகக் குறைந்த அளவுதானா. கஷ்டம் என்பது நிலத்தின் கஷ்டம், உரிமையாளரின் பணக்கஷ்டம் சேராது. உங்கள் ‘அக்கம்பக்கமும் தாழ்வு’ என்ற வாதத்துக்கும் அங்கே இடம் உண்டு: அரை ஏக்கர் அல்லது அதற்குக் குறைவான மனை, சுற்றிலும் வெள்ள மட்டத்துக்குக் கீழே ஏற்கெனவே கட்டிய வீடுகள் என்றால் தளர்வைப் பரிசீலிக்கலாம். ஆனால் அதை முதல் வரியில் வைக்காதீர்கள். உங்கள் பக்கத்துத் தாழ்ந்த வீடுகள் நனைந்த கதை அதிகாரிக்கும் தெரியும். தூண் வைத்தால் அவர்களுக்குத் தண்ணீர் அதிகமாகாது என்று சொல்லும்போது அதே வீடுகள் உங்களுக்குச் சாட்சியாகும்.

கடிதத்தோடு லாட் எண், முக்கிம் (மாவட்டத்தின் உட்பிரிவு), மட்ட வரைபடம், தூண் வீட்டின் குறுக்குவெட்டு, எஞ்சினியர் கையெழுத்திட்ட கட்டமைப்புக் கணக்கு வேண்டும். குறுக்குவெட்டில் வெள்ள மட்டத்தைச் சிவப்புக் கோடாகப் போடச் சொல்லுங்கள். கூட்டத்தில் அதைத்தான் பார்ப்பார்கள்.

தூண் வீட்டைக் கெடுப்பது கீழ்த்தளம்தான். இரண்டு வருடம் கழித்துச் செங்கல் வைத்து அடைத்து, சமையற்கட்டோ மகனுக்கு அறையோ ஆக்கிவிடுவார்கள். தளர்வு கொடுத்த காரணமே அத்தோடு போய்விடும். சுவருக்கும் ஆபத்து: ஒரு பக்கம் மட்டும் 1 மீட்டர் தண்ணீர் நின்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் சுமார் 500 கிலோ தள்ளும். நாலரை அங்குலச் செங்கல் சுவரை அதற்காக யாரும் கட்டுவதில்லை. ஸ்டோர் கட்டாயம் வேண்டுமென்றால் தண்ணீர் தானாக உள்ளே வந்து வெளியேற வழி விடுங்கள். அமெரிக்க விதி எளிது: ஒரு சதுர அடித் தரைக்கு ஒரு சதுர அங்குலத் துளை, குறைந்தது இரண்டு, துளையின் அடி தரையிலிருந்து ஓர் அடிக்கு மேல் போகக்கூடாது. 15க்கு 12 அடி ஸ்டோர் 180 சதுர அடி, 9க்கு 5 அங்குலத்தில் நாலு துளை போதும். அவற்றை ஒரே சுவரில் வைக்காதீர்கள். கம்பி வலை அடித்தால் குப்பை அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மின் டிபி (பகிர்வு) பெட்டியும் பிளக்குகளும் மேல்தளத்தில் இருக்கட்டும். செப்டிக் தொட்டியை மறந்துவிடுவார்கள். வெள்ளத்தில் காலித் தொட்டி மிதக்கும், நிறைந்த தொட்டியின் கழிவு குழாய் வழியாகத் திரும்பும். தொட்டியைக் கான்கிரீட் பலகையோடு கட்டிவைத்து, வெளியேறும் குழாயில் திருப்புத் தடை வால்வு போடுங்கள்.

அனுமதி வந்தால் நிபந்தனைகளை வரிவரியாகப் படித்துப் பத்திரப்படுத்துங்கள், வீட்டை விற்கும்போது வாங்குபவர் கேட்பார். இன்சூரன்ஸில் வெறும் தீக் காப்புறுதி வெள்ளத்தை ஏற்காது. ‘ஹவுஸ் ஓனர்’ பாலிசியில் வெள்ளம் அடங்கும். எடுக்கும்போதே தளர்வு பெற்ற வீடு என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

திட்ட அனுமதி மறுக்கப்பட்டாலோ, ஏற்க முடியாத நிபந்தனை விதித்தாலோ, நகர, கிராமத் திட்டமிடல் சட்டமான சட்டம் 172-இன் 23-ஆம் பிரிவின்படி மாநில மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். முடிவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஒரு மாதம்தான் அவகாசம், ஆகவே கடிதம் கைக்கு வந்த தேதியைக் குறித்து வையுங்கள். அனுமதியில்லாமல் கட்டினால் அதே சட்டத்தின் 26-ஆம் பிரிவில் ஐந்து லட்சம் ரிங்கிட் வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும்.