அம்பு போச்சா, அம்போட படம் போச்சா?

ரெண்டு மானிட்டர் மாட்டின லினக்ஸ் மேசையில் மவுஸ் அம்பு மாயமாகும் தொல்லை பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான், ஆளுக்கொரு பாஷையில். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கும் ஜன்னலில், ஆங்கிலத்தில் அடியுங்கள்.

கேள்வி: அக்கா, லினக்ஸில் க்னோம் டெஸ்க்டாப் வைத்திருக்கிறேன், ரெண்டு மானிட்டர். ராத்திரி சிஸ்டத்தைத் தூங்கவிட்டுக் காலையில் எழுப்பினால் வலது மானிட்டரில் அம்பே இல்லை. இடது பக்கம் இழுத்து வந்தால் நல்லபடியாகத் தெரிகிறது. மவுஸ் மாற்றணுமா?

மவுஸுக்குக் காசு செலவழிக்காதீர்கள் தம்பி. இடது பக்கம் ஓடுகிற மவுஸ் வலது பக்கம் மட்டும் கெட்டுப்போகாது.

முதலில் ஒரு சோதனை. வலது திரையில் பிரவுசரைத் திறந்து வைத்துக்கொண்டு, அம்பு தெரியாவிட்டாலும் மவுஸை மெதுவாக நகர்த்துங்கள். லிங்க்குகளுக்கு அடியில் கோடு வருகிறதா? பட்டன் நிறம் மாறுகிறதா? மாறினால் அம்பு அங்கேதான் இருக்கிறது, அதன் படம் மட்டும்தான் திரைக்கு வரவில்லை. இது வேறு நோய், அம்பே அங்கு இல்லாமல் போவது வேறு நோய். இதைப் பிரித்துப் பார்க்காமல், கிராபிக்ஸ் கார்டை ஓட்டுகிற மென்பொருளான டிரைவரைக் கழற்றி மாட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமையையே தொலைத்தவர்களை எனக்குத் தெரியும். அதில் நானும் ஒருத்தி.

படம் மட்டும் எப்படிப் போகும்? வாசலில் கோலம் போட்டு நடுவில் ஒரு பூசணிப் பூ வைக்கிறோம். பூவைத் தள்ளி வைக்கக் கோலத்தை அழித்துப் போட வேண்டியதில்லை. கிராபிக்ஸ் கார்டும் அதையேதான் செய்கிறது. டெஸ்க்டாப் முழுக்க ஒரு படம், அம்பு அதன் மேல் வைத்த தனிச் சின்னப் படம். இதைத்தான் ஹார்டுவேர் கர்சர் என்கிறார்கள். அம்பு நகரும்போது திரை முழுவதையும் திரும்ப வரைய வேண்டாம், இடத்தை மட்டும் மாற்றினால் போதும். ஒவ்வொரு மானிட்டருக்கும் தனித்தனிப் பூ. தூங்கி எழுந்ததும் டிரைவர் ஒரு வாசலில் பூ வைக்க மறந்துவிட்டால் நீங்கள் சொன்ன கதைதான்.

உடனடி வைத்தியம்: கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரையில் லாகின் கேட்கும், பயப்பட வேண்டாம். பிறகு கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2. க்னோமில் பெரும்பாலும் உங்கள் திரை அங்கேதான் இருக்கும். இல்லையென்றால் எஃப்1, எஃப்7 பாருங்கள். போய்த் திரும்பும்போது எல்லா வாசலிலும் பூவைப் புதிதாக வைத்துவிடும். செட்டிங்ஸில் அந்த மானிட்டரை அணைத்துப் போட்டாலும் இதே பலன்.

கேள்வி: தினமும் எஃப்3 போய் வர முடியாது மேடம். நிரந்தரமாக?

ஹார்டுவேர் கர்சரை நிறுத்திவிட்டு, அம்பையும் டெஸ்க்டாப்போடு சேர்த்தே வரையச் சொல்லலாம். அதாவது பூவையும் கோலமாவிலேயே போட்டுவிடுவது. திரையில் ஜன்னல்களைக் காட்ட லினக்ஸில் இரண்டு ஏற்பாடுகள்: வேலாண்ட், எக்ஸ்11. அதற்கு முன்னால் நீங்கள் இருப்பது எதில் என்று பாருங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம் விவரங்கள் பக்கத்தில் இருக்கும்.

வேலாண்ட் என்றால் இடிசி அடைவில் உள்ள என்விரான்மென்ட் கோப்பில் ஒரே ஒரு வரி. க்னோமுக்கு: மட்டர்_டீபக்_டிஸேபிள்_ஹெச்டபிள்யூ_கர்சர்ஸ்=1. இன்னொரு டெஸ்க்டாப்பான கேடிஇ பிளாஸ்மாவுக்கு: கேவின்_ஃபோர்ஸ்_எஸ்டபிள்யூ_கர்சர்=1. எல்லாம் பெரிய எழுத்து. ஹெச்டபிள்யூ, எஸ்டபிள்யூ என்பதெல்லாம் இரண்டிரண்டு எழுத்துதான். லாக் அவுட் செய்து திரும்ப வாருங்கள்.

எக்ஸ்11 என்றால் எக்ஸார்க் கான்ஃப் என்ற அமைப்புக் கோப்பில் டிவைஸ் பகுதிக்குள் எஸ்டபிள்யூகர்சர் என்ற ஆப்ஷனுக்கு ட்ரூ கொடுக்க வேண்டும். என்விடியாவின் சொந்த டிரைவரில் தலைகீழாக ஹெச்டபிள்யூகர்சர் என்ற ஆப்ஷனை ஃபால்ஸ் ஆக்க வேண்டும். அந்தக் கோப்பில் ஓர் எழுத்து தப்பினாலும் டெஸ்க்டாப்பே எழாமல் போகலாம். பழைய கோப்பை நகல் எடுத்து வைக்காமல் கை வைக்காதீர்கள்.

நஷ்டம் ஒன்று உண்டு. கனமான வேலை ஓடும்போது அம்பு இழுத்து இழுத்து வரும்.

கேள்வி: டிடிபி கடை வைத்திருக்கிறேன். ஒரே மானிட்டர்தான், எக்ஸ்11. ஆனாலும் அம்பு வலது ஓரத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. ரொம்ப நேரம் இடது பக்கம் தேய்த்தால் திரும்பி வருகிறது. பேய் பிடித்த மாதிரி இருக்கிறது.

பேய்தான். உங்களுக்குத் தெரியாமல் இன்னொரு மானிட்டர் இருப்பதாக சிஸ்டம் நினைத்துக்கொண்டிருக்கிறது.

டெர்மினலில் எக்ஸ்ரேண்டர் என்று மட்டும் அடியுங்கள். கனெக்டட் என்று வருகிற வரிகளை எண்ணுங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் அந்த வரியில் 1920x1080+1920+0 போல ஒன்று இருக்கும். முதல் இரண்டு எண்கள் திரையின் அளவு. அடுத்த இரண்டும் அது எங்கே தொடங்குகிறது என்பது: இடது ஓரத்திலிருந்து 1920 புள்ளி தள்ளி, மேலிருந்து 0. உங்கள் அம்பு போய் உட்கார்ந்திருக்கும் இடம் அதுதான். உறுதி செய்ய எக்ஸ்டூடூல் என்ற சின்ன நிரலை நிறுவி, அம்பு மறைந்த நேரத்தில் எக்ஸ்டூடூல் கெட்மவுஸ்லொகேஷன் ஓட்டுங்கள். எக்ஸ் என்பதற்கு எதிரே 1919-க்கு மேல் வந்தால் சந்தேகமே இல்லை.

எங்கள் லேபில் ஒரு நாள் மெயில் ஜன்னலைக் காணோம், அம்பையும் காணோம். அரைமணி நேரம் தேடின பிறகு ஒரு மாணவி அண்ணாந்து பார்த்தாள். கூரையில் தொங்குகிற புரொஜெக்டருக்கு ஹெச்டிஎம்ஐ கேபிள் போயிருந்தது. அது அணைந்துதான் இருந்தது, ஆனால் கேபிள் மாட்டியிருந்தால் சில டிவியும் புரொஜெக்டரும் அணைந்த நிலையிலும் நான் இருக்கிறேன் என்று கை தூக்கும். ஜன்னலும் அம்பும் இருட்டில் அங்கே உட்கார்ந்திருந்தன.

உங்கள் கடையில் அப்படி டிவி இருந்தால் கேபிளைப் பிடுங்கினால் முடிந்தது. இல்லையென்றால் எக்ஸ்ரேண்டர் --அவுட்புட், அந்தப் பேயின் பெயர், --ஆஃப் என்று கொடுங்கள். மேசைக் கம்ப்யூட்டரில் எல்விடிஎஸ்-1 கனெக்டட் என்று வந்தால் அது லேப்டாப் திரைக்கான இணைப்பு, உங்களிடம் கிடையவே கிடையாது. அதற்கு, லினக்ஸை எழுப்பிவிடும் நிரலான க்ரப்பில், லினக்ஸின் மையமான கெர்னலுக்குரிய வரியோடு வீடியோ=எல்விடிஎஸ்-1:டி சேர்த்தால் பூட் ஆகும்போதே அடங்கிவிடும்.

கேள்வி: ஒன்று 4கே, ஒன்று சாதா எச்டி. 4கே பக்கம் எல்லாம் 200 சதவீத அளவில் தெரியும்படி வைத்திருக்கிறேன். அம்பைப் பெரிதாக்கினால் அந்தப் பக்கம் போனதும் மினுக்குகிறது, சில நேரம் மறைகிறது.

அந்தப் பூவுக்கு அளவு வரம்பு உண்டு. பழைய கார்டுகள் பலவற்றில் 64க்கு 64 புள்ளி, புதியவற்றில் 256க்கு 256. அம்பின் வழக்கமான அளவு 24. 200 சதவீதத்தில் 48, அடங்கும். நீங்கள் 48 என்று வைத்தால் 4கே பக்கம் 96. பழைய கார்டின் கூடையில் கொள்ளாது. அந்தப் பக்கம் மட்டும் வரைகிற முறை மாறும், அந்த மாற்றத்தில்தான் மினுக்கம். ஒரு படி குறைத்துப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு வயது 68. அம்பு எங்கேயோ இருக்கிறது, என் கண்ணுக்குத்தான் அகப்படவில்லை. இதற்கும் மருந்து உண்டா அம்மா?

உண்டு ஐயா, இதுதான் எல்லாவற்றிலும் சுலபம். க்னோமில் அக்சஸிபிலிட்டிக்குள் லொகேட் பாயிண்டர் என்பதைப் போட்டுவிட்டு இடது கன்ட்ரோலைத் தட்டினால் அம்பைச் சுற்றி வட்டம் விரியும். 2024-இல் வந்த பிளாஸ்மா 6.1 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் மவுஸைப் பிடித்து வேகமாக ஆட்டுங்கள், அம்பு தானே ஊதிப் பெரிதாகும். எனக்கு இன்னும் அந்த வயது ஆகவில்லை, நானும் ஆட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

கேள்வி: டெர்மினலில் டைப் செய்யும்போது மட்டும் மறைகிறது.

கோளாறில்லை. எழுத்தை மறைக்காமலிருக்க அதுவாக ஒதுங்கிக்கொள்கிறது. மவுஸை அசைத்தால் வரும். எல்லா இடத்திலும் இப்படி என்றால் அன்க்ளட்டர் என்ற நிரலை யாராவது போட்டிருக்கிறார்களா பாருங்கள்.

கேள்வி: இணையத்தில் பார்த்து, அமைப்புகளை மாற்றும் ஜிசெட்டிங்ஸ் கட்டளை ஒன்றில் க்னோமின் கர்சர் பிளகினை (துணை நிரலை) ஃபால்ஸ் ஆக்கினேன். அப்படி ஒரு ஸ்கீமாவே (அமைப்புத் தொகுப்பே) இல்லை என்று திட்டுகிறது.

அது 2013 வாக்கில் கிடைத்த மருந்து. அப்போது தொடுதிரைக்காக அம்பை மறைக்கிற பிளகின் ஒன்று இருந்தது, சில கணினிகளில் அது தேவையில்லாமல் மறைத்துவிடும். பிளகினையே பிறகு எடுத்துவிட்டார்கள். நோயும் போச்சு, மருந்தும் போச்சு, சீட்டு மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: அம்பு இல்லாதபோது திறந்து கிடக்கும் வேலையை எப்படிக் காப்பாற்றுவது? நான் பவர் பட்டனை அழுத்திவிடுகிறேன்.

ஐயோ, வேண்டாம். கீபோர்டு உயிரோடு இருக்கிறதல்லவா? ஆல்ட் டேப்பில் ஜன்னலைப் பிடியுங்கள், கன்ட்ரோல் எஸ். ஜன்னல் பேய் மானிட்டரில் மாட்டிக்கொண்டால், க்னோமிலும் பிளாஸ்மாவிலும் சூப்பர் விசை (விண்டோஸ் சின்னம் போட்டது), ஷிஃப்ட்டோடு இடது அல்லது வலது அம்பு விசையை அழுத்தினால் அடுத்த திரைக்குத் தாவும்.

கேள்வி: அக்கா, முதல் கேள்வி கேட்டவன்தான். லிங்க்கில் கோடு வந்தது. எஃப்3 போய் வந்தேன், அம்பும் வந்துவிட்டது. அந்த மட்டர் வரியையும் போட்டுவிடவா?

போடுங்கள். ஆனால் மறந்துவிடாதீர்கள். அடுத்து கெர்னல் அப்டேட் வந்ததும் அந்த வரிக்கு முன்னால் ஒரு ஹாஷ் (#) போட்டு அதை நிறுத்திவைத்து, இரண்டு ராத்திரி தூங்கவிட்டு எழுப்பிப் பாருங்கள். வலது பக்கம் அம்பு தானாக வந்தால் வரியை அழித்துவிடலாம்.