மகனின் விசா முடிந்துவிட்டது, கல்யாணத்துக்கு வரலாமா?

கேள்வி: என் மகன் அமெரிக்காவில், டல்லாஸில் எச்-1பி என்ற வேலை விசாவில் வேலை பார்க்கிறான். பாஸ்போர்ட்டில் இருக்கும் விசா போன மாதம் முடிந்துவிட்டது. கம்பெனி 3 வருட நீட்டிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டதாம். ஆனாலும் ஊருக்கு வரப் பயப்படுகிறான். தை மாதம் அவன் தங்கைக்குக் கல்யாணம். விசாவை அங்கேயே புதுப்பித்துக்கொண்டு வர முடியாதா ஐயா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, உங்கள் மகன் அங்கே சட்டப்படிதான் இருக்கிறார், கவலை வேண்டாம். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா உள்ளே நுழைவதற்கு மட்டும்தான். தங்கி வேலை பார்க்க உரிமை தருவது அமெரிக்கக் குடியேற்றத் துறை தரும் ஐ-797 ஒப்புதல் கடிதமும், அதன் அடியில் வரும், எதுவரை தங்கலாம் என்று காட்டும் ஐ-94ம். ஆனால் ஊருக்கு வந்துவிட்டால், புது ஸ்டாம்பிங் (பாஸ்போர்ட்டில் புது விசா ஒட்டி வாங்குவது) இல்லாமல் திரும்ப முடியாது. அவர் பயம் நியாயமானது.

அங்கேயே புதுப்பிக்கும் வழி முன்பு இருந்தது. 2002ல் நியூ ஜெர்சியில் இருந்தபோது நானே அப்படித்தான் செய்தேன். பாஸ்போர்ட், ஐ-797, கம்பெனிக் கடிதம் எல்லாவற்றையும் தடித்த உறையில் போட்டு, செயின்ட் லூயிஸில் ஒரு தபால் பெட்டி எண்ணுக்கு அனுப்பினேன். அப்புறம் தினமும் வேலை முடிந்து வந்ததும், ஷூவைக்கூடக் கழற்றாமல் கீழே தபால் பெட்டியைத் திறந்து பார்ப்பேன். ஏழாவது வாரம் வந்தது. அந்தப் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அன்றிரவே அம்மாவுக்கு போன் செய்தேன்.

கைரேகை கட்டாயம் என்று சட்டம் வந்ததும், 2004 ஜூலையில் அதை நிறுத்திவிட்டார்கள். 20 வருடம் கழித்து, 2024 ஜனவரி கடைசியில் சோதனையாக மறுபடி தொடங்கினார்கள். மொத்தமே 20,000 பேருக்குத்தான் இடம். இந்தியாவில் விசா வாங்கியவர்களில், 2021 பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை வாங்கியவர்கள் மட்டுமே விண்ணப்பிக்க முடிந்தது. மனைவி, பிள்ளைகளின் எச்-4க்கு அதில் இடமே இல்லை. அந்தச் சோதனை அதோடு முடிந்துபோனது. இதை எழுதும் வரை அந்த வசதி திரும்ப வரவில்லை. கைரேகை ஏற்கெனவே அவர்களிடம் இருக்கும்போது, ஒரு ஸ்டிக்கருக்காக மனிதர்களை இப்படிக் கடல் தாண்ட வைப்பது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

இப்போது நிலைமை இன்னும் கடினம். 2025 செப்டம்பரிலிருந்து நேர்காணல் விலக்கு பெரும்பாலோருக்குக் கிடையாது. வேறு நாட்டுக்குப் போய் ஸ்டாம்பிங் செய்துகொள்வதும் ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. அதே வருடம் டிசம்பரில் விண்ணப்பிப்பவர்களின் சமூக வலைத்தளக் கணக்குகளைப் பார்க்கும் விதி வந்தபோது, கல்யாணத்துக்கென்று ஊருக்கு வந்த பலருடைய நேர்காணல் தேதி மாதக்கணக்கில் தள்ளிப்போய், இங்கேயே மாட்டிக்கொண்டார்கள்.

அதனால் சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் தேதி கிடைத்த பிறகே டிக்கெட் போடச் சொல்லுங்கள். தேதி தள்ளிப்போனால் எத்தனை வாரம் இங்கிருந்து வேலை பார்க்கலாம் என்பதைக் கம்பெனியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். மண்டபத்துக்கு இன்னும் முன்பணம் கட்டவில்லை என்றால், வைகாசியில் வைத்துக்கொள்ளலாமா என்று மாப்பிள்ளை வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.