அணிக்கு ஒரு பக்கம் வேண்டுமென்றால்

கேள்வி: என் மகன் சென்னையில் உள்ள ஒரு தொழில்முறை இ-ஸ்போர்ட்ஸ் (கணினி, கைப்பேசி ஆட்டப் போட்டி) அணியில் பிஜிஎம்ஐ என்ற கைப்பேசி ஆட்டம் ஆடுகிறான். அகில இந்தியப் போட்டிகளில் இருமுறை இறுதிச் சுற்றுக்குச் சென்ற அணி அது. அதைப் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரையைக் 'குறிப்பிடத்தக்கமை இல்லை' என்று நீக்கிவிட்டார்கள். ஒரே ஒரு ரஞ்சி ஆட்டம் ஆடியவருக்குக்கூடப் பக்கம் இருக்கும்போது, இந்தப் பிள்ளைகளுக்கு அந்தத் தகுதி இல்லையா? செய்தி இணைப்புகளையும் நாளிதழில் வந்த ஒரு கட்டுரையின் படத்தையும் அனுப்பியுள்ளேன்.
— ஒரு தாய், வேளச்சேரி

பதில்: தங்கள் மகனின் உழைப்பில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால் கலைக்களஞ்சியத்தில் ஒரு பக்கம் என்பது பரிசோ பட்டமோ அன்று. அணியோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள் தாமாக முன்வந்து அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்களா என்பதே அங்கே கேட்கப்படும் கேள்வி. குறிப்பிடத்தக்கமை என்பது இதுதான். அப்படி எதுவும் இல்லையென்றால், அணி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதையே கட்டுரையாளர் எடுத்தெழுத நேரும். அதில் பிழை இருந்தால் சரிபார்க்க வாசகருக்கு வழியிராது.

தாங்கள் அனுப்பிய 11 இணைப்புகளையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். அவற்றில் 7 செய்திகள் வரிக்கு வரி ஒன்றாகவே இருக்கின்றன. பயிற்சியாளரின் பெயரில் விழுந்த எழுத்துப்பிழைகூட ஏழிலும் மாறவில்லை. நிர்வாகம் அனுப்பிய செய்திக்குறிப்பு அப்படியே அச்சேறியிருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். அடுத்த மூன்றில் புள்ளிப்பட்டியலில் அணியின் பெயர் வருகிறது, அவ்வளவே. எஞ்சிய ஒன்று லிக்விபீடியா பக்கம். இத்துறையில் எல்லோரும் பார்க்கும் பயனுள்ள தளம்தான் அது. ஆயினும் பயனர்களே எழுதித் திருத்தும் தளம் என்பதால், விக்கிப்பீடியாவைப் போலவே அதையும் சான்றாகக் காட்ட இயலாது.

நாளிதழ்க் கட்டுரை இவற்றினும் வேறானது. செய்தியாளர் அணியினர் தங்கியிருக்கும் வீட்டுக்கே சென்று, இரவு பத்து மணிக்குத் தொடங்கும் பயிற்சியை உடனிருந்து பார்த்து, தோற்ற ஆட்டத்தின் பதிவை ஐவரும் பேச்சின்றித் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்ததை எழுதியிருக்கிறார். ஸ்பான்சர் விலகியபின் இரண்டு மாதம் சம்பளம் வராததையும் மறைக்கவில்லை. எந்த அணியும் தன் செய்திக்குறிப்பில் இதைச் சொல்லாது. இத்தகைய கட்டுரைகள் வெவ்வேறு இதழ்களில் இன்னும் இரண்டு வந்திருந்தால், பக்கத்தை நீக்கக் கூடாது என்று நானே வாதாடியிருப்பேன்.

ரஞ்சி ஆட்டக்காரரைப் பற்றித் தாங்கள் சொன்னது ஒரு காலத்தில் நடைமுறையாகவே இருந்தது. களத்தில் இறங்கியதை மட்டுமே வைத்துத் தகுதி தரும் அளவுகோல்களை ஆங்கில விக்கிப்பீடியா 2022-இல் கைவிட்டது. பழைய பக்கங்கள் பல எஞ்சியிருப்பது குறைதான். அந்தக் குறையைக் காட்டி இன்னொரு பக்கம் கேட்க முடியாது.

இ-ஸ்போர்ட்ஸ் அணிகளுக்கென்று தனிச் சிக்கல் ஒன்றும் உண்டு. செய்திக்குறிப்புகளைச் சலித்தெடுப்பதற்காக ஆங்கில விக்கிப்பீடியாவில் நிறுவனங்களுக்குக் கடுமையான விதி இருக்கிறது. விளையாட்டு அணிகள் அதில் சேரா. ஆனால் இங்கே ஒரே பெயரின் கீழ் பிஜிஎம்ஐக்கு ஒரு குழு, வேலரண்ட் என்ற இன்னோர் ஆட்டத்துக்கு ஒரு குழு, யூடியூபில் ஆடிக் காட்டுபவர்கள், சட்டை விற்பனை என எல்லாம் நடக்கின்றன. பருவம் முடிந்தால் ஆட்டக்காரர்கள் வேறு அணிக்குப் போய்விடுகிறார்கள். இது அணியா, கம்பெனியா? அணியாகவே கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. முதலீடு, ஒப்பந்தம் பற்றிய அறிவிப்புகளை மட்டும் கணக்கில் சேர்க்கக் கூடாது.

கேள்வி: கைப்பேசியில் ஆடும் ஆட்டத்துக்கெல்லாம் கலைக்களஞ்சியத்தில் இடம் கேட்பது அதிகமில்லையா?
— ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: இல்லை. பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் பத்துத் தொகுதிகளில் கலைக்களஞ்சியம் கொண்டுவந்தபோது தாளுக்கு அளவிருந்தது. எதை விடுவது என்று முடிவு செய்தே ஆக வேண்டியிருந்தது. இணையத்தில் அந்த நெருக்கடி கிடையாது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் காட்சிப் போட்டியாக (பதக்கப் பட்டியலில் சேராத போட்டியாக) நடந்த இ-ஸ்போர்ட்ஸில் இந்தியாவின் தீர்த் மேத்தா வெண்கலம் வென்றார். 2023-இல் ஹாங்சோவில் அது பதக்கப் போட்டியாகவே ஆனது. 2025-இல் ரியாத்தில் நடந்த இ-ஸ்போர்ட்ஸ் உலகக் கோப்பையில் சதுரங்கமும் சேர்ந்துவிட்டது. சதுரங்கத்தைத் தலைமேல் வைத்துக் கொண்டாடும் சென்னை, இந்தத் துறையை அற்பமென்று தள்ளுவது பொருந்தாது.

கேள்வி: பணம் கொடுத்தால் எங்கள் அணிக்குக் கட்டுரை எழுதி, நீக்கப்படாமல் பார்த்துக்கொள்வதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?
— அணி மேலாளர் ஒருவர், அண்ணா நகர்

பதில்: வேண்டாம். நீக்கப்படாது என்று உறுதி தர எவராலும் இயலாது. கூலி பெற்று எழுதுபவர் யாருக்காக எழுதுகிறார் என்பதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பது 2014 முதல் விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் பயன்பாட்டு விதி. மறைத்து எழுதியது தெரியவந்தால் அவருடைய கணக்கு முடக்கப்படலாம், கட்டுரையும் போகலாம். அந்தப் பணத்தை அணிக்குச் செலவிடுங்கள். அணியைப் பற்றி நாளிதழ்களில் வருபவற்றை, இதழின் பெயர், தேதி, பக்க எண் குறித்துக் கத்தரித்து வையுங்கள். இணையத்தில் இல்லாத அச்சுக் கட்டுரையும் முழுமையான சான்றே. யாரேனும் ஐயப்பட்டால் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போய் அந்தத் தேதியின் இதழைக் கேட்டுப் பார்க்கலாம்.